வேன் டயர் வாங்கும்போது சைஸ் மட்டும் பார்த்தால் போதாது

காசிமேட்டில் மீன் ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே கிளம்பும் குட்டி யானை, தண்டையார்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் கேன் போடும் வண்டி, திருவொற்றியூரில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் வேன், மணலிக்கும் எண்ணூருக்கும் ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேன்... வட சென்னையில் பல குடும்பங்களின் அடுப்பு எரிவது இந்த வண்டிகளால்தான். ஆனாலும் டயர் மாற்றப் போகும்போது நம்மில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்வி: "இதே சைஸ் இருக்கா? என்ன விலை?" டயர் சக்கரத்தில் பொருந்துமா என்பதை சைஸ் சொல்லிவிடும். ஏற்றும் எடையை அது தாங்குமா என்பது வேறு எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் விபத்தும் குறையும், வீண் செலவும் குறையும்.

டயர் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் ரீட்ரேடிங்குக்கான டிரெட் ரப்பருக்கு மாறினார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு டயர் ஆலையாக வளர்ந்தது அது. எம்.ஆர்.எஃப். பிறந்த கதை இதுதான். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இந்தத் தெருக்களில் வண்டி ஓட்டுகிறார்கள். டயர் எழுத்தைப் படிக்கும் பழக்கம் முதலில் இந்த ஊரில் பரவ வேண்டும் என்பது என் ஆசை.

1. கடைக்குப் போகுமுன் பழைய டயரின் பக்கச் சுவரைத் துடைத்துவிட்டு, அதில் உள்ள எழுத்து முழுவதையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 185 ஆர் 14 எல்.டி. 8 பி.ஆர். 102/100 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 'ஆர்' என்றால் ரேடியல். 14 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். எல்.டி. என்ற எழுத்துகள் இது லோடு வண்டி வகை டயர் என்று சொல்கின்றன. சில கம்பெனிகள் அதற்குப் பதிலாக ஆங்கில 'சி' போடும். அதற்குப் பின்னால் வருபவைதான் பாரத்துக்கான எண்கள். முந்தைய உரிமையாளர் தப்பான டயரைப் போட்டிருக்கவும் கூடும். ஆகவே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரையும் வண்டியோடு வந்த கையேட்டையும் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் கையேடு சொல்வதே சரி.

2. சில பிக்கப் வண்டிகளில் 215/75 ஆர் 15 என்று இருக்கும். நடுவில் உள்ள 75, டயரின் பக்கச் சுவர் அதன் அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு உயரம் என்பதைக் குறிக்கிறது. 215இல் 75 சதவீதம் 161 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 322. பதினைந்து அங்குல டிஸ்க் 381 மில்லிமீட்டர். கூட்டினால் டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். 185 ஆர் 14 போல நடு எண் இல்லாத டயர்களுக்குச் சுமார் 80 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடலாம்; 65 சென்டிமீட்டர் வரும். கடைக்காரர் "ஸ்டாக் இல்ல, வேற சைஸ் போட்டுக்கலாம்" என்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உயரம் மாறினால் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டும். உயரமோ அகலமோ கூடினால், லோடு ஏறியதும் டயர் மட்கார்டில் உரசும்.

3. இந்தக் குறிப்புகளில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வேன்களில் அதிகம் ஓடும் 145 ஆர் 12 டயரில் 6 பி.ஆர். உண்டு, 8 பி.ஆர். உண்டு. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்; ஒரே டிஸ்க்கில் ஏறும், ஒரே உயரம். பாரம் தாங்குவதில்தான் வித்தியாசம். 6 பி.ஆர். டயரின் லோடு இண்டெக்ஸ் வழக்கமாக 80, அதாவது ஒரு டயருக்கு 450 கிலோ. 8 பி.ஆர். டயரின் இண்டெக்ஸ் 86, அதாவது 530 கிலோ. ஒரு டயருக்கு 80 கிலோ வித்தியாசம்! பி.ஆர். என்பது ப்ளை ரேட்டிங். பருத்தி நூல் அடுக்கிய அந்தக் காலத்து டயர்களில் அது உண்மையான அடுக்கு எண்ணிக்கை. இன்றைய ரேடியலில் 8 பி.ஆர். என்றால் எட்டு அடுக்கு என்று பொருளில்லை, அந்த அளவு பலம் என்றுதான் பொருள். விலை குறைகிறதே என்று எட்டை எடுத்துவிட்டு ஆறைப் போடாதீர்கள். கடையில் கேட்கும்போது, "அண்ணே, 145 ஆர் 12, எட்டு பி.ஆர்., லோடு இண்டெக்ஸ் 86க்குக் குறையாம குடுங்க" என்று முழுசாகக் கேளுங்கள். மாட்டுவதற்கு முன்னால், கொண்டுவந்த டயரில் அந்த எண் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

4. லோடு இண்டெக்ஸ் கிலோ அல்ல. பட்டியலில் பார்த்துக் கிலோவாக மாற்ற வேண்டிய எண். வேன்காரர்களுக்கு வேண்டிய சில: 80 என்றால் 450 கிலோ, 84 என்றால் 500, 86 என்றால் 530, 90 என்றால் 600, 95 என்றால் 690, 97 என்றால் 730, 100 என்றால் 800, 102 என்றால் 850, 104 என்றால் 900, 108 என்றால் 1,000. ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

5. 102/100 என்று இரண்டு எண் இருந்தால், முதல் எண் ஒரு பக்கத்துக்கு ஒரு டயர் ஓடும்போது தாங்கும் எடை. இரண்டாவது எண், பின்னால் ஜோடி டயர் மாட்டிய வண்டிக்கு. ஜோடியாக ஓடும் இரண்டு டயர்களும் எப்போதும் பாரத்தைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. சாலை நடுவில் மேடும் ஓரத்தில் சரிவுமாக இருக்கும்; ஒன்றில் காற்று சற்றுக் குறைந்திருக்கும். அதனால்தான் ஜோடிக்கு 850க்குப் பதில் 800 கிலோ. நான்கு சக்கர வேன் வைத்திருப்பவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்தால் போதும்.

6. நான்கு டயரின் எண்ணைக் கூட்டிவிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் மொத்த எடை 1,600 கிலோ என்று இருக்கும் ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். 450 கிலோ டயர் நான்கு என்றால் 1,800 கிலோ. போதும்போலத்தான் தோன்றும். ஆனால் லோடு பின்னால்தான் ஏறுகிறது. மொத்தத்தில் பத்துக்கு ஆறு பங்கு பின் அச்சில் விழுந்தால் அங்கே 960 கிலோ, ஒரு டயருக்கு 480. வண்டி சட்டப்படியான எடையில்தான் போகிறது, ஆனாலும் பின் டயர் இரண்டும் தங்கள் அளவைத் தாண்டிவிட்டன. அதே வண்டியில் 530 கிலோ டயர் இருந்தால் கவலையில்லை. பள்ளத்தில் விழும்போதும், வளைவில் ஒரு பக்கம் சாயும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் பாரம் ஒரே டயரில் போய் விழும் என்பதையும் நினைத்தால், கொஞ்சம் கூடுதலாக இருப்பதே நல்லது.

7. ஏற்றும் சரக்கின் எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் எண்ணிப் பாருங்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேன் என்றால் தண்ணீர் மட்டும் 20 கிலோ. முக்கால் டன், அதாவது 750 கிலோ ஏற்றும் சின்ன வண்டியில் 35 கேன் வைத்தாலே காலி கேனின் எடையும் சேர்ந்து எல்லை நெருங்கிவிடும். மேலே இடம் இருக்கிறதே என்று இரண்டாம் அடுக்கு வைத்து 50 கேன் ஏற்றினால் ஒரு டன்னுக்கு மேல். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, ஆகவே 15 மூட்டை. வீட்டு சமையல் காஸ் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, இரும்பும் சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிலோ, ஆகவே 25 சிலிண்டர். மீன் பெட்டிக்கு மீனின் எடை மட்டும் கணக்கல்ல; ஐஸ், பெட்டி, தேங்கிய தண்ணீர் எல்லாம் சேரும். சந்தேகம் வந்தால் லோடோடு ஒரு தடவை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். முடிந்தால் பின் சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்தி பின் அச்சின் எடையைத் தனியாகவும் எடுங்கள். மேடைக் கூலி கொஞ்சம்தான். அது சொல்லும் எண் அடுத்த பல மாதத்துக்கு உதவும்.

8. பெரிய டயரோ, அதிக இண்டெக்ஸ் டயரோ போட்டுவிட்டால் அதிக லோடு ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அச்சு, பட்டை, பிரேக், டிஸ்க் எல்லாம் பழையவைதானே? அவற்றில் எது பலவீனமோ அதுதான் எல்லை. சட்டப்படியும் ஆர்.சி.யில் உள்ள எடைதான் எல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவின்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்குமேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகப்படியான சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே. ஒரு நாள் மாட்டினால் பல நடையின் கூலி போய்விடும்.

9. பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. டயரில் 850 கிலோ என்று போட்டிருக்கும் இடத்திலேயே 450 கே.பி.ஏ. அல்லது 65 பி.எஸ்.ஐ. என்றும் பொடி எழுத்தில் இருக்கும். அந்தக் காற்று இருந்தால்தான் அந்த 850. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன் காருக்குப் பழகிய கையோடு 35 வைத்து அனுப்பிவிட்டால், தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். அதே லோடோடு கிளம்பினால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி விரியும், சூடேறும், உள்ளே நூலும் ரப்பரும் பிரியத் தொடங்கும். டயர் வெடித்தது வெயிலால் என்று சொல்வோம். பெரும்பாலும் குறைந்த காற்றும் கூடுதல் லோடும் சேர்ந்து செய்த வேலை அது. உங்கள் வண்டிக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, காலி வண்டிக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு என்பது கதவு ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். அந்த எண்ணைச் சொல்லிக் காற்றடியுங்கள். டயரில் எழுதியிருப்பது உச்ச எல்லை. காலி வண்டியில் அவ்வளவு அடித்தால் வண்டி குதிக்கும், டயர் நடுவில் தேயும்.

10. காற்றை அளப்பது காலையில், வண்டி கிளம்புமுன். டயரின் சூடு 10 டிகிரி ஏறினால், வேன் டயரில் காற்றழுத்தம் ஏறத்தாழ இரண்டரை பி.எஸ்.ஐ. ஏறும். அக்னி நட்சத்திர நாளில் எண்ணூர் வரை லோடு போட்டுவிட்டு வந்து அளந்தால் எட்டு, பத்து கூடக் காட்டலாம். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். டயர் ஆறியதும் காற்றுக் குறைவான டயராக நிற்கும். நல்ல கேஜ் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

11. இண்டெக்ஸ் எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஆங்கில எழுத்து வேக எல்லை: 'எல்' 120 கிலோமீட்டர், 'என்' 140, 'பி' 150, 'க்யூ' 160, 'ஆர்' 170. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நெரிசலில் இதற்கு வேலையே இல்லை. கும்மிடிப்பூண்டி, தடா பக்கம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் மட்டும், கையேட்டில் உள்ள எழுத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

12. பழைய வண்டிகளில் 7.50-16 என்பதுபோல நடுவில் கோடு போட்ட சைஸ் இருக்கும். அது நைலான் டயர். நைலானும் ரேடியலும் வளைவில் வெவ்வேறு விதமாக இழுக்கும். ஒரே அச்சில் ஒரு பக்கம் இது, மறு பக்கம் அது என்று ஒருநாளும் போடாதீர்கள். அவசரத்துக்குக்கூட வேண்டாம்.

13. டயருக்கும் பிறந்த தேதி உண்டு. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறு பக்கத்தில் பாருங்கள். கடற்கரைப் பக்கம் வெயிலில் நின்றே கிடக்கும் வண்டியின் டயர் ஓடாமலே வெடிப்பு விடும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கொரு தடவை கழற்றி உள்ளும் புறமும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்பதே பல டயர் நிறுவனங்களின் அறிவுரை.

14. பட்டன் தேய்மானத்துக்கு அளவு 1.6 மில்லிமீட்டர். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94ஆவது விதி சொல்வது அது. டயரின் தோளில் சின்ன முக்கோணமோ, டி.டபிள்யு.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். எஃப்.சி.க்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எண்ணெய் படிந்த துறைமுகச் சாலையில் மொட்டை டயர் பிரேக்குக்கு நிற்காது.

15. புது டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், 2009ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணை அப்படிச் சொல்கிறது. வெளிநாட்டு டயருக்கும் இது பொருந்தும். ரீட்ரேட் டயர் சரக்கு வண்டியின் பின்பக்கம் ஓடலாம்; நல்ல பட்டறையில் செய்ததென்றால் நன்றாகவே ஓடும். ஆனால் முன்பக்கம் போடாதீர்கள். பிள்ளைகள் ஏறும் வேனில் ரீட்ரேடும் வேண்டாம், செகண்ட்ஹேண்ட் டயரும் வேண்டாம். இரண்டு புது டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அவற்றைப் பின்னால் போடுங்கள். பாரம் அங்கேதான், வழுக்கினால் வண்டி சுழலாமல் காப்பதும் பின் டயர்தான்.

16. எண்ணூர் விரைவுச் சாலையிலும் கண்டெய்னர் யார்டுகளை ஒட்டிய சாலைகளிலும் ஆணி, போல்ட்டு, கம்பித் துண்டு தினமும் கிடைக்கும். பட்டன் பகுதியில் உள்ள சின்ன ஓட்டைக்கு பங்ச்சர் போடலாம். வெளியிலிருந்து குச்சி சொருகுவதைவிட, டயரைக் கழற்றி உள்ளே பேட்ச் போடுவது மேல். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் பங்ச்சர் கூடாது. அங்கே புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். டயர் மாற்றுவதைத் தவிர வழியில்லை. காற்று இறங்கிய டயரில் லோடோடு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டீர்களா? பங்ச்சர்காரரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். உள்பக்கம் ரப்பர் தூள் உதிர்ந்திருந்தால் அந்த டயருக்கு மறுபடி காற்றடிப்பது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

17. மீன் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் டிஸ்க்கின் விளிம்பில் துருப்பிடிக்க வைக்கும். டியூப்லெஸ் டயரில் அந்தத் துரு வழியாகக் காற்று கசியும்; பங்ச்சர் எங்கே என்று தேடினால் கிடைக்காது. தினமும் வேலை முடிந்ததும் சக்கரத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். டயர் மாற்றும்போது துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். வால்வையும் புதிதாகப் போடுங்கள், அதிகக் காற்றழுத்தம் தாங்கும் வகையாகக் கேட்டு. வால்வு மூடி இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

18. டீசல், ஆயில், கிரீஸ் மூன்றும் ரப்பரை ஊறவைத்து இளக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்திலும் சுற்றுவட்டாரத்திலும் படிந்ததை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட தண்ணீரில் வண்டி ஓட்டினாலோ நின்றாலோ, சோப்புத் தண்ணீரால் அன்றைக்கே கழுவிவிடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பது தவறு. வெள்ளம் வடிந்ததும் நான்கு டயரின் உள் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தண்ணீருக்குள் தெரியாத கல்லும் கம்பியும் கிழித்திருக்கலாம்.

19. ஸ்டெப்னிக்கும் அதே சைஸ், அதே லோடு இண்டெக்ஸ் வேண்டும். கழற்றிய டயரில் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னிக்கு ஒதுக்குகிறோமே, அந்த நேரத்தில் எண்ணைப் பாருங்கள். அதில் லோடுக்கான காற்றையே அடித்து வையுங்கள், மாதம் ஒரு முறை அளந்து பாருங்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி என்றால், அதைத் தாங்கும் கொக்கியையும் நட்டையும் இறக்கிக் கிரீஸ் போட்டு வையுங்கள். கடல் காற்றில் அவை இறுகிவிட்டால், மணலிச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடுராத்திரியில் நின்றுகொண்டு ஸ்டெப்னியைக் கழற்ற முடியாது.